‘~’ - இது யார் வீடு?

லேபில் லினக்ஸ் முன்னால் உட்கார்ந்த எல்லோருக்கும் இந்த நெளிகோடு தெரியும். டில்டே என்பார்கள். டெர்மினலில் இதைப் போட்டால் போதும், நம் ஹோம் டைரக்டரி என்று புரிந்துகொள்ளும். தெரிந்த ஆட்டோக்காரரிடம் “நம்ம வீட்டுக்கு விடுங்கண்ணே” என்று சொல்வது மாதிரி. கதவு எண், தெருப்பெயர் எதுவும் வேண்டாம்.

இதற்கு ஒரு கதை உண்டு. 1976-ல் லியர் சீக்லர் கம்பெனி ஏ.டி.எம்-3ஏ என்ற டெர்மினலைக் கொண்டுவந்தது. அதன் கீபோர்டில் ‘ஹோம்’ என்ற சொல்லும் இந்த நெளிகோடும் ஒரே கீயில் இருந்தன. பெர்க்லியில் படித்துக்கொண்டிருந்த பில் ஜாய் அந்த டெர்மினலைத்தான் பயன்படுத்தினார். அவர் எழுதிய சி ஷெல் வழியாக, ‘~’ என்றால் வீடு என்பது யூனிக்ஸ் உலகம் முழுக்கப் பரவியது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்த ஆட்டோக்காரர் ஷெல் மட்டும்தான். ‘~’-ஐ முழு விலாசமாக விரித்துக் கொடுப்பது அதன் வேலை. அடியில் இருக்கிற கெர்னலுக்கு நம் வீடு தெரியாது. அதற்கு ‘~’ வெறும் ஓர் எழுத்து. அந்தப் பெயரில் ஒரு டைரக்டரியையே உருவாக்கலாம்.

இப்போது நம் புராஜெக்டின் கான்ஃபிக் ஃபைலில் டேட்டா இருக்கும் இடத்தை ‘~’ போட்டு எழுதுகிறோம். அதைப் படிப்பது ஷெல் இல்லை, நம் புரோகிராம். அது விரிக்காவிட்டால் வேறு யாரும் விரிக்கப் போவதில்லை. ‘கிட்’ தன் கான்ஃபிக் பாதைகளைத் தானே விரித்துக்கொள்கிறது. எஸ்.எஸ்.எச்.சும் கீ ஃபைலின் பாதையை விரிக்கிறது. சிஸ்டம்டியின் சர்வீஸ் ஃபைலில் ‘~’ பொதுவாக எடுபடாது. பைத்தானின் ‘ஓப்பன்’ விரிக்காது. ‘எக்ஸ்பாண்ட்யூசர்’ என்ற ஃபங்ஷனை நாம்தான் கூப்பிட வேண்டும். ஒரே ஒரு வரி!

அந்த ஒரு வரி இல்லாததால் என்ன ஆகிறது தெரியுமா? சீனியர்களின் புரோகிராமை வாங்கி ஓட்டிய ஜூனியர் மாணவி ஒருத்திக்கு “அப்படி ஒரு ஃபைல் இல்லை” என்றே வந்துகொண்டிருந்தது. “ஃபைல் இருக்கே, கண்ணால பாக்குறேனே!” என்று ஒரு மத்தியானம் முழுக்கத் திரும்பத் திரும்ப அடித்துப் பார்த்தாள். கடைசியில், “எனக்கெல்லாம் கம்ப்யூட்டர் வராதுக்கா” என்றாள். தப்பு அவள் மேல் இல்லை. ஆனால் அதைச் சொல்ல அங்கே ஆள் இல்லை. வீட்டில் படித்த அண்ணன், அக்கா இருப்பவர்கள் போன் போட்டுக் கேட்பார்கள். எங்கள் வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான்தான். அப்பாவிடம் பாதை சரியில்லை என்றால், “எந்த ஊர் ரோடு?” என்பார். நம்மில் பாதிப் பேர் வீட்டில் இதுதான் நிலைமை.

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. சில புரோகிராம்கள் டைரக்டரி இல்லாவிட்டால் தாமே உருவாக்கிக்கொள்ளும். அப்போது நிஜமாகவே ‘~’ என்ற பெயரில் ஒரு டைரக்டரி முளைக்கும். இது என்ன குப்பை என்று டெர்மினலில் அழிக்கும் கட்டளையோடு ‘~’ அடித்தால் போச்சு! ஷெல் அதை விரித்து நம் வீட்டையே காலி செய்துவிடும். முன்னால் ஒரு புள்ளியும் சாய்கோடும் போட்டு, ‘./~’ என்று எழுதித்தான் அழிக்க வேண்டும்.

“எதுக்கு வம்பு, முழுப் பாதையையே எழுதிடலாமே” என்பார்கள் சிலர். அதில் நம் லாகின் பெயர் மாட்டிக்கொண்டிருக்கும். வைவா அன்று வேறு மெஷினில் ஓட்டச் சொன்னால் தெரியும் சேதி! ஆகவே ‘~’ இருக்கட்டும், ஆனால் ஃபைலைப் படிக்கிற புரோகிராம்தான் அதை விரிக்க வேண்டும் என்பது என் கட்சி. முடியாவிட்டால் “இங்கே டில்டே செல்லாது” என்று வாய்திறந்து சொல்லட்டும். சர்வீஸாக ஓடும்போது அது வேறு யூசரின் பெயரில் ஓடலாம். அப்போது ‘~’ அந்த யூசரின் வீடு, நம்முடையது அல்ல. இதையும் ரீட்மீயில் எழுதி வையுங்கள்.

இந்த வருடம் புராஜெக்டை ஜூனியர்களிடம் ஒப்படைக்கும் முன் வேறொருவர் லாகினில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். ஐந்து நிமிஷ வேலைதான்.