வாசலில் விரித்த கல்

சென்ற வாரம் நண்பர் ஒருவருடைய புது வீட்டிற்குப் போயிருந்தேன். வாசலில் கால் வைத்ததும் தயங்கி நின்றேன். கல் பாவிய தளம். கல்லுக்குக் கல் சற்றே வேறு நிறம். பழங் கோயிற் பிராகாரத்தில் உள்ளதுபோல் நடுநடுவே இடுக்குகள். "எந்த மலைக் கல்?" என்று கேட்டேன். "ஸிமெண்டு மலை!" என்று நண்பர் நகைத்தார். ஈரமான கான்கிரீட்டின் மேல் அச்சு வைத்து அழுத்திய தளம் அது!

அதே தெருவில் நான்கு வீடு தள்ளி இன்னொரு வாசல். அங்கும் அதே அச்சு, அதே நிறம். ஆயினும் ஒரு மழைக்காலம் கழிவதற்குள் மேற்பரப்பு அப்பளம்போல் பெயர்ந்து விட்டது. பெண்ணின் கலியாணத்திற்குள் வாசல் அழகாக வேண்டுமென்று, சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தை அதில் போட்டவர் அந்த வீட்டுக்காரர். "எல்லாம் தலையெழுத்து" என்றார். விசாரித்துப் பார்த்ததில், இரண்டு குடம் தண்ணீரும் ஒரு மணி நேரத்து அவசரமுமே அந்த எழுத்தை எழுதின என்று தெரிய வந்தது.

கலவை கெட்டியாயிருக்கிறதென்று, "இன்னும் ரெண்டு குடம் ஊத்தம்மா" என்று சித்தாளிடம் மேஸ்திரி சொன்னாராம். கலவை இளகினால் வேலை சுலபம், உண்மைதான். ஆனால் கான்கிரீட் காய்ந்து இறுகுவதில்லை; ஸிமெண்டு தண்ணீருடன் இரசாயன முறையில் கூடித்தான் இறுகுகிறது. அதற்கு வேண்டிய தண்ணீர் கொஞ்சமே. 50 கிலோ மூட்டை ஒன்றுக்கு, மணலிலுள்ள ஈரத்தையும் சேர்த்து, ஏறக்குறைய 25 லிட்டருக்கு மேற்போகாமலிருப்பது நலம். மிஞ்சிய நீர் ஆவியாகிப் போகும்போது, தான் இருந்த இடத்தில் நுண்ணிய துளைகளை விட்டுச் செல்கிறது. ஸிமெண்டுக்கும் தண்ணீருக்கும் உள்ள விகிதமே பலத்தை நிர்ணயிக்கிறது என்பதை 1918-ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் டஃப் ஏப்ராம்ஸ் என்பவர் பரிசோதனைகளால் நிலைநாட்டினார்.

அடுத்தது அவசரம். கலவையைக் கொட்டி, மட்டக் கோலால் இழுத்து, பலகையால் தேய்த்தவுடன் தளத்தின் மேல் நீர் கசிந்து நிற்கும். அந்த நீர் தானாக மறையும்வரை காத்திருத்தல் அவசியம். அதன் பிறகே வண்ணத் தூளை ஒரே சீராகத் தூவித் தேய்க்க வேண்டும். நீர் நிற்கும்போதே தூவித் தேய்த்தால், மேற்பரப்பில் பலமற்ற ஓர் ஏடு உண்டாகும். பின்னால் பெயர்வது அந்த ஏடுதான்.

பிறகு, அச்சு ஒட்டிக்கொள்ளாமலிருக்க இன்னொரு பொடி. அது குழிகளில் தங்கி இரண்டாவது நிறத்தையும் தருகிறது. அச்சு வைக்கும் வேளையை அறிவதற்குக் கடிகாரம் உதவாது. கட்டை விரல்தான் உதவும். விரலை அழுத்தினால் கால் அங்குலம் பதிய வேண்டும். சாந்து விரலில் ஒட்டக்கூடாது. அதற்கு முன் வைத்தால் அச்சு அமிழ்ந்து போகும், பிந்தினால் பதியாது. நம் ஊர் வெயிலில் அந்த வேளை வெகு விரைவில் கடந்துவிடும். ஆகவே விடியற்காலையில் தொடங்குவதும், ஆள் போதுமான அளவு வைத்துக்கொள்வதும், அடித்தரையைத் திமிசு போட்டு இறுக்கி முன்கூட்டி நனைத்து வைப்பதும் விவேகம்.

இவ்வித்தையை 1950-களில் கலிபோர்னியாவில் பிராட் போமன் என்பவர் உருவாக்கினார். ஆனால் ஸிமெண்டு நமக்குப் புதிதன்று. 1904-இல் சென்னையிலேயே அதைச் செய்து பார்த்தார்கள். 1914-இல் போர்பந்தரில் ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. அதற்கெல்லாம் முந்திய பெருமை நம் கொத்தர்களுடைய சுண்ணாம்புக் காரைக்கு உண்டு. செட்டிநாட்டு வீடுகளில் கடுக்காயும் வெல்லமும் முட்டை வெண்கருவும் கூட்டிப் பூசிய சுவர்களைப் பாருங்கள். இன்றும் கண்ணாடிபோல் மின்னுகின்றன. சாந்து பதப்படும் வரையில் காத்திருந்த கைகள் அவை. அச்சைக் கடல் கடந்தும் விலைக்கு வாங்கலாம். அந்தப் பொறுமையை எங்கிருந்து வாங்குவது?

இதில் மேஸ்திரியை மட்டும் குறை சொல்வது நியாயமன்று. சதுர அடிக்கு இத்தனை என்று கூலியைக் குறைத்துப் பேசி, "இன்றைக்கே முடித்துவிட வேண்டும்" என்று தலைமேல் நின்றவர் யார்? வீட்டுக்காரரேதான். காத்திருக்கும் நேரத்திற்கும் கூலி உண்டு என்று ஒப்புக்கொண்டவர் வாசலே நிலைத்தது.

இனி வீட்டிலுள்ளோர் நினைவில் வைக்கத்தக்க சில விஷயங்கள். நான்கு அங்குலக் கனமுள்ள தளத்தில் எட்டு முதல் பத்து அடிக்கு ஒரு வெட்டு, ஓர் அங்குல ஆழத்தில் இருக்க வேண்டும். இல்லாவிடில் தளம் தன் இஷ்டப்படி வெடிக்கும். வீட்டிலிருந்து வெளிப்புறமாக அடிக்குக் கால் அங்குலம் வாட்டம் கொடுங்கள். சாதாரண ஸிமெண்டானால் குறைந்தது ஏழு நாள் ஈரம் போகாமல் காப்பது விதி. வண்ணத் தளத்தில் ஈரச் சாக்கு அங்குமிங்குமாகக் கிடந்தால் திட்டுத் திட்டாகக் கறை விழும். ஆகவே அந்தக் காப்பு எங்கும் ஒரே சீராக இருக்கட்டும். கடைசியில் பூசும் பளபளப்பு மழையில் வழுக்கும். பாட்டியும் குழந்தைகளும் நடக்கும் வீட்டில் பளபளப்பைக் காட்டிலும் சொரசொரப்பே மேல்.

மற்றொன்று: வாசல் முழுவதையும் மூடிவிடாதீர்கள். தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டு எல்லாக் கட்டிடங்களுக்கும் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமாயிற்று. மழை இறங்க மண் இல்லாவிடில் கிணற்றுக்கு நீர் ஏது? நண்பர் சுவரோரமாக இரண்டடி மண்ணை அப்படியே விட்டிருந்தார். நான் விடைபெறும்போது அவருடைய தாயார் அந்த மண்ணில் சாணம் தெளித்துக்கொண்டிருந்தார்.

"இவ்வளவு அழகான தளம் இருக்க, இங்கேயா கோலம்?" என்றேன்.

"அதிலேதான் அவர்களே கோலம் போட்டுவிட்டார்களே! எனக்கு இடம் இதுதான்" என்றார் அந்த அம்மாள்.