பாம்புக்கடி: மேடையில் பேசலாமா?

கேள்வி: கடலைக்காட்டில் பாம்பு கடித்து, ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுப் பிழைத்தவள் என் மனைவி. கிராம சபையில் விழிப்புணர்வுக்காகப் பேசக் கூப்பிடுகிறார்கள். அவள் தயங்குகிறாள். என்ன செய்வது?
– வாசகர், ஊத்தங்கரை

பதில்: முடிவு அவருடையது, வற்புறுத்த வேண்டாம். படம் எடுப்பதும் அவர் சம்மதித்தால்தான். பேசுவதானால், எப்படிப் பிழைத்தார் என்பதை விவரமாகச் சொல்லட்டும்.

விஷப்பாம்பு கடித்தாலும் சில நேரம் விஷம் இறங்குவதில்லை. அப்படித் தப்பியவர் ‘மந்திரித்ததும் சரியாகிவிட்டது’ என்பதை நம்பி, அடுத்தவர் நேரத்தை இழக்கிறார், உயிரும் போகிறது. கீறாமல், இறுக்கிக் கட்டாமல், கடிபட்ட கைகாலை அசைக்காமல் உடனே 108-ஐ அழைக்க வேண்டும். விஷமுறிவு ஊசிதான் மருந்து.

2024 நவம்பரில், பாம்புக்கடியை மருத்துவமனைகள் கட்டாயம் தெரிவிக்க வேண்டும் எனத் தமிழக அரசு அறிவித்தது. மந்திரவாதியிடமே நின்றுவிடுபவர் அந்தக் கணக்கில் வருவதில்லை. அவர்கள் காதில் விழ வேண்டியது உங்கள் மனைவியின் அனுபவம்தான்.