முகாமில் வீடு கிடைத்தது. பாஸ்போர்ட் எப்போது கிடைக்கும்?

திருப்பூரில் பனியன் கம்பெனி உள்ள தெருக்களில் ‘டைலர் தேவை, செக்கிங் லேடீஸ் தேவை’ போர்டுக்குப் பஞ்சமே இல்லை. பீகாரில் இருந்து ரயிலேறி வருபவருக்கும் வேலை இருக்கிறது. பக்கத்து மாவட்டங்களில், பவானிசாகரிலும் கோவை பூலுவபட்டியிலும் இலங்கைத் தமிழர் முகாம்கள் உள்ளன. முகாமிலேயே பிறந்து, இங்கேயே டிகிரி முடித்தவரும் கம்பெனி வேலைக்குப் போகலாம்தான். ஆனால் மெர்ச்சண்டைசராக உயர்ந்த பிறகு, ‘பையரைப் பார்க்க ஜெர்மனி போய்ட்டு வாங்க’ என்று முதலாளி சொன்னால் என்ன செய்வார்? கையில் பாஸ்போர்ட் இல்லை. அரசு வேலையும் கனவுதான். இன்ஜினீயரிங் முடித்துவிட்டு பெயின்டிங் வேலைக்குப் போகிறவர்கள் முகாம்களில் உண்டு.

‘அதான் அரசு வீடு கட்டிக் கொடுத்தாச்சே?’

கொடுத்தது உண்மை, நல்ல காரியமும்கூட. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு 317.40 கோடி ரூபாய் திட்டம் அறிவித்தது. அதில் 7,469 புது வீடுகளும் அடக்கம். ‘அகதிகள் முகாம்’ என்ற பெயர் ‘மறுவாழ்வு முகாம்’ ஆனது. ஆனால் குடியுரிமை டெல்லியின் கையில். மாநில அரசு சுவர் எழுப்பலாம், பாஸ்போர்ட் தர முடியாது.

1983 முதல் 2012 வரை வந்தவர்கள் 3 லட்சத்துக்கும் அதிகம். 1995 வரை ஏறக்குறைய 1 லட்சம் பேரை மத்திய அரசு திருப்பி அனுப்பியது. 2021 கணக்குப்படி முகாம்களில் மிஞ்சியவர்கள் 58,822 பேர்.

சட்டம் எங்கே தடுக்கிறது?

1987 ஜூலை 1-க்கு முன் இந்தியாவில் பிறந்தவர் பிறப்பாலேயே இந்தியர். மண்டபம் முகாமில் 1986-ல் பிறந்த ஒரு பெண்ணுக்கு பாஸ்போர்ட் வழங்க 2022-ல் மதுரை உயர்நீதிமன்றக் கிளை உத்தரவிட்டது அதனால்தான். அதற்குப் பின் பிறந்தவருக்கு, பெற்றோரில் ஒருவர் இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் முதல் இன்னும் இறுக்கம்: பெற்றோரில் ஒருவர் ‘சட்டவிரோதக் குடியேறி’ என்றால், மற்றவர் இந்தியராக இருந்தும் பயனில்லை. முகாம் பையன் உள்ளூர்ப் பெண்ணைக் கட்டினால், பிறக்கும் குழந்தைக்கும் இதே சிக்கல்தான். 2019 திருத்தச் சட்டத்திலோ பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மட்டுமே, இலங்கை இல்லை.

வியட்நாமில் இருந்து படகில் தப்பியவர்களின் கதை வேறு. 1979 ஜெனீவா மாநாட்டில் நாடுகள் 2,60,000 பேருக்கு இடம் தர முன்வந்தன. கனடா இரண்டே ஆண்டுகளில் சுமார் 60,000 பேரை நிரந்தரமாகக் குடியமர்த்தியது. எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. 1989-க்குப் பின் பலர் திருப்பி அனுப்பப்பட்டார்கள். என்றாலும் ‘தங்கலாம்’ அல்லது ‘போகலாம்’ என ஏதோ ஒரு பதில் கிடைத்தது. நம் முகாம்களில் 40 ஆண்டாக அந்தப் பதில்கூட இல்லை.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி வந்த மலையகத் தமிழர்களுக்கு இந்தியா குடியுரிமையே கொடுத்தது. டான்டீ தேயிலைத் தோட்டங்களில் வேலையும் கொடுத்தது. குறைகள் ஏராளம். ஆனால் அவர்கள் பிள்ளைகளின் பாஸ்போர்ட்டை யாரும் மறுப்பதில்லை.

2025 செப்டம்பரில் மத்திய அரசு ஒரு படி இறங்கி வந்தது. 2015 ஜனவரி 9 வரை வந்து, பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்குத் தண்டனைப் பிரிவுகளில் இருந்து விலக்கு. தண்டனை இல்லை என்பதும் குடியுரிமை உண்டு என்பதும் ஒன்றல்ல. ஆனால் அதே தேதியையும் பதிவையும் வைத்தே குடியுரிமை விண்ணப்பங்களை வாங்கலாம். ஊர் திரும்ப விரும்புகிறவர்களுக்குத் தனி ஏற்பாடு செய்யலாம். யார், எப்போது வந்தார், எந்தக் குழந்தை எங்கே பிறந்தது என்ற விவரமெல்லாம் முகாம் பதிவேட்டில் ஏற்கெனவே இருக்கிறது.