ஒன்பது அங்குல யானை

அக்கா வீட்டில் தோசைக்கு வைத்த சட்னி ஒரு மாதிரி பச்சையாக இருந்தது. கொத்தமல்லிப் பச்சை இல்லை, பெயிண்ட் பச்சை.

"சாப்பிடாதேடா! உன் மருமகன் அதே மிக்ஸியிலேதான் ஸ்பாஞ்சை அரைச்சான்" என்று தட்டைப் பிடுங்கினாள் அக்கா. எதற்கு ஸ்பாஞ்ச்? மரத்துக்கு இலை வேண்டுமாம்.

அக்கா பையன் இன்ஜினீயரிங்கை மூன்றாம் வருஷத்தில் விட்டுவிட்டு ஸ்டாப் மோஷன் படம் எடுக்கிறான். பொம்மையை ஒரு துளி நகர்த்தி ஒரு போட்டோ, இன்னொரு துளி நகர்த்தி இன்னொரு போட்டோ. விநாடிக்கு 24 ஃபிரேம். ஒவ்வொன்றையும் இரண்டு தடவை ஓட்டினாலும் 12 போஸ் வேண்டும். நாலு நிமிஷப் படத்துக்கு 2,880! இந்தப் பைத்தியம் புதுசில்லை. நம்ம தாதாசாகேப் பால்கே 1915-லேயே தீக்குச்சிகளை இப்படி ஆட வைத்திருக்கிறார். 1933-ல் வந்த 'கிங் காங்'கில் ஊரையே நடுங்க வைத்த குரங்கின் பொம்மை வெறும் பதினெட்டு அங்குலம்தான்.

இவன் கதை, தெப்பக்காடு முகாமிலிருந்து ஒரு குட்டி யானை மாயாற்றைத் தாண்டிப் போவது. ('தி எலிஃபெண்ட் விஸ்பரர்ஸ்' 2023-ல் ஆஸ்கார் வாங்கியதே, அதில் வருகிற அதே முகாம்.) பன்னிரண்டில் ஒரு பங்கு அளவு. ஒன்பதடித் தாய் யானை ஒன்பது அங்குலம். அது சரி, அறுபதடி மரம்? ஐந்தடி! அதனால் முன்னால் மட்டும் நிஜ அளவு, பின்னால் போகப் போக மரங்கள் சின்னதாகிக்கொண்டே போகும். கேமரா ஏமாந்துவிடும். ஆறு என்பது பிளாஸ்டிக் ஷீட்டும் தலைக்குத் தடவும் ஜெல்லும். முதலில் நிஜப் புல்தான் வைத்தான். யானை நாலு அடி எடுத்து வைப்பதற்குள் புல் காய்ந்து கோடைகாலம் வந்துவிட்டது.

மரத்துக்கு உண்ணிச்செடிக் குச்சி. வெள்ளைக்காரன் அழகுக்குக் கொண்டுவந்த செடி, இன்று முதுமலைக் காட்டையே மூடிக் கிடக்கிறது. கூடலூர்ப் பக்கத்து ஆதிவாசிகள் அந்தக் குச்சியை வேகவைத்து வளைத்து ஆளுயர யானைகள் செய்கிறார்கள். ஒவ்வொன்றும் அவர்கள் பார்த்துப் பழகின நிஜ யானையின் ஜாடை! 2024-ல் அப்படி நூறு யானைகள் அமெரிக்காவுக்கே போயின. கணுக்கணுவாகக் கோணியிருக்கும் அந்தக் குச்சி, சின்ன அளவில் அசல் மரம்தான்.

அத்தான் ரிடையர்டு ஃபாரஸ்ட் கார்டு. மசினகுடியில் வீடு. பையன் காலேஜை விட்டதிலிருந்து பதினாலு மாசமாக அவனோடு பேச்சு கிடையாது. எல்லாம் என் வழியாகத்தான். "காட்டுக்குள்ளேருந்து ஒரு சுள்ளி எடுத்தாலும் கேஸ் போடுவேன்னு அவன்கிட்ட சொல்லு." அவன் பக்கத்து ரூமில்தான் இருந்தான். குச்சி கொல்லைப்புறத்து வேலியிலிருந்து வெட்டியது என்று நானே ஜாமீன் கொடுத்தேன்.

போன மாசம் ஒரு நாள் காலையில் பையன் அலறிய அலறலில் ஓடினேன். செட்டில் மரங்கள் இடம் மாறியிருந்தன! மூணு நாளாக எடுத்தது ஆறு விநாடி, எழுபத்திரண்டு போஸ். ஒரு இலை நகர்ந்தாலே படத்தில் மரம் குதிக்கும். இங்கே காடே குதித்திருந்தது. எலி வேலையா என்று அக்கா கேட்டாள்.

எலி அவ்வளவு ஒழுங்காக வைக்காது. ஆற்றோரம் நின்ற தேக்கெல்லாம் மேட்டுக்குப் போயிருந்தது. பட்டை வெளிறிய மரங்கள் கரைக்கு வந்திருந்தன. அடியில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கூடு.

பையன் அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கத்தப் போகிறான் என்று நினைத்தேன். தொண்டையைச் செருமிக்கொண்டு, "மாமா, மூங்கில் எந்தப் பக்கம் வரணும்னு அவர்கிட்ட கேளுங்க" என்றான்.

நான் வாயைத் திறப்பதற்குள் கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"இடது பக்கம்டா. யானை மூங்கிலைப் பார்த்தா நிக்காம போகுமா? ரெண்டு வாய் தின்ன வையி. அப்புறம் முன்னங்காலுக்கு அஞ்சு நகம், நீ நாலுதான் வெச்சிருக்கே."

மறுபடி முதல் ஃபிரேமிலிருந்து ஆரம்பித்திருக்கிறார்கள். நேற்று போன் பண்ணினால் அத்தான், "அப்புறம் பேசறேன், குட்டி ஆத்துல இறங்குது" என்று வைத்துவிட்டார். அக்காவுக்குப் புது மிக்ஸி வேண்டுமாம். பில் என் பேரில்.