பஸ்தர் சென்ற குழுக்களும் கோண்டி அறியாத காதுகளும்

புது தில்லி: ஆயுத மோதலுக்கு இடையே சிக்கிய ஆதிவாசிகளின் நிலையை நேரில் அறிய, சத்தீஸ்கரின் பஸ்தர் பகுதிக்குத் தன்னார்வ அமைதிக் குழுக்கள் பலமுறை சென்று வந்துள்ளன. நகரத்து அறிவுஜீவிகளின் சுற்றுலா என்று அவற்றை ஏளனம் செய்வோர் தலைநகரில் உண்டு.

அந்த ஏளனம் நியாயமற்றது என்பதற்கு ஒரு பயணமே சான்று. 2005 ஜூனில் தொடங்கிய சல்வா ஜுடும், மாவோயிஸ்டுகளுக்கு எதிரான மக்கள் எழுச்சி என்றே மாநில அரசு கூறிவந்தது. வரலாற்றாசிரியர் ராமச்சந்திர குஹா, சமூகவியலாளர் நந்தினி சுந்தர், முன்னாள் ஐஏஎஸ் அதிகாரி இ.ஏ.எஸ். சர்மா, மூத்த பத்திரிகையாளர் பி.ஜி. வர்கீஸ் உள்ளிட்ட அறுவர் 2006 மே மாதம் தந்தேவாடா சென்றனர். ஆளற்ற கிராமங்களையும், முகாம்களில் அடைபட்ட குடும்பங்களையும், சிறப்புக் காவல் அலுவலர்கள் என்ற பெயரில் ஆயுதம் ஏந்திய சிறுவர்களையும் அவர்கள் கண்டனர். மாவோயிஸ்டுகளின் கொலைகளையும் மறைக்கவில்லை. குஹா, நந்தினி சுந்தர், சர்மா மூவரும் 2007-ல் தொடுத்த வழக்கில்தான், ஆதிவாசி இளைஞர்களை அவ்வாறு மோதலில் இறக்குவது அரசியல் சாசனத்துக்கு விரோதம் என 2011 ஜூலை 5-ம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு மாநில அரசு தனிச் சட்டம் இயற்றித் துணைப் படை ஒன்றை அமைத்துக்கொண்டது. அது நீதிமன்ற அவமதிப்பு ஆகாது என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றமே கூறிவிட்டது.

பயணங்கள் எளிதாகவும் இருக்கவில்லை. 2011 மார்ச்சில், தீக்கிரையான தாட்மெட்லா பகுதிக் கிராமங்களுக்கு நிவாரணப் பொருள்களுடன் சென்ற சுவாமி அக்னிவேஷ் தோர்ணாபால் அருகே தாக்கப்பட்டார்.

எனினும் குழுக்களிடமும் ஒரு குறை உண்டு. அது மொழி. ஊரில் இந்தி அறிந்த ஓரிருவரே வந்தவர்களுடன் பேசுவர். கோண்டி மட்டுமே அறிந்த பெண்கள் அரை மணி நேரம் சொன்னது இந்தியில் இரண்டு வாக்கியமாகி, ஆங்கில அறிக்கையில் ஒரு வரியாகிவிடும். (கோண்டியும் திராவிட மொழியே. கையை அவர்களும் கை என்றே சொல்வர்.) 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி ஏறத்தாழ 29 லட்சம் பேரின் தாய்மொழியான அது, எட்டாவது அட்டவணையில் இன்னும் இடம்பெறவில்லை. வந்தவர்கள் ஓரிரு வாரத்தில் ஊர் திரும்பிவிடுவர். அவர்களிடம் பேசியவர்களோ இரு தரப்பின் சந்தேகத்துக்கும் ஆளாகி அங்கேயே இருக்க வேண்டும்.

மாவோயிஸ்ட் இயக்கம் பெரிதும் வலுவிழந்துவிட்டதால் இத்தகைய பயணங்களுக்கு இனி வேலையில்லை என்று கருதுவோர், கோதாவரிக் கரையையும் பார்க்க வேண்டும். சல்வா ஜுடும் காலத்தில் ஓடிவந்த கோண்டி, கோயா குடும்பங்கள் இன்றைய தெலங்கானா, ஆந்திர வனப்பகுதிகளில் குடிசை போட்டுள்ளன. சத்தீஸ்கரில் பழங்குடியினராக இருந்தவர்களுக்கு, மாநில எல்லையைக் கடந்ததும் அந்த அந்தஸ்து மறுக்கப்படுகிறது. வன நிலத்தை ஆக்கிரமித்தவர்கள் என்று அவர்களின் குடிசைகளை வனத்துறை பலமுறை அகற்றியுள்ளது. ஊர் திரும்ப விரும்புகிறார்களா, திரும்பினால் பழைய நிலம் கிடைக்குமா என்பதை அடுத்த குழு அவர்களிடம்தான் கேட்க வேண்டும், கோண்டியில்.