பழ ஈயின் குப்பைக் கணக்கு

"குப்பை டிஎன்ஏ" என்று யாராவது சொன்னாலே எனக்கு எரிச்சல் வரும். 1972-ல் சுசுமு ஓனோ பிரபலமாக்கிய பெயர். அதைவிட எரிச்சல், "பார்த்தீர்களா, குப்பை என்றார்கள், அதற்கும் வேலை இருக்கிறதாம், படைப்பில் எதுவுமே வீண் இல்லை" என்று வாட்ஸப்பில் வருகிற பிரசங்கம். நம் பிள்ளைகள் இரண்டையும் கேட்டுத்தான் வளர்கிறார்கள். என்னைக் கேட்டால் இரண்டுமே சோம்பேறித்தனம். சந்தேகமா? கனிந்த வாழைப்பழத்தை மொய்க்கிற பொடி ஈயைப் பாருங்கள்.

குரோமோசோம் என்பது நீளமான டிஎன்ஏ இழை. ஒவ்வொரு முறை நகல் எடுக்கும்போதும் அதன் கடைசி நுனி கொஞ்சம் விட்டுப்போகும். இப்படியே போனால் தேய்ந்து மரபணுக்களே காலி. இந்த நுனிக்கு 'டெலோமியர்' என்று 1938-ல் பெயர் வைத்தவர் ஹெர்மன் முல்லர். அவர் ஆராய்ந்தது பழ ஈயைத்தான். நமக்கெல்லாம் டெலோமரேஸ் என்ற நொதி, ஆறெழுத்துத் துண்டு ஒன்றைத் திரும்பத் திரும்ப ஒட்டித் தேய்மானத்தை ஈடுகட்டுகிறது. 2009-ல் இதற்குத்தான் மூன்று பேருக்கு நோபல். வேடிக்கை என்னவென்றால், பெயர் வாங்கித் தந்த ஈயிடம் அந்த நொதியே கிடையாது!

பிறகு எப்படிப் பிழைக்கிறது? தாவும் மரபணுத் துண்டுகளால். 1940களில் மக்காச்சோளத்தில் பார்பரா மக்ளின்டாக் கண்டுபிடித்தாரே, அந்த வகையறா. ஈயின் நுனியில் ஹெட்-ஏ, டார்ட், தாஹ்ரே என்று மூன்று இருக்கின்றன. இவை ஆர்என்ஏ நகலாகப் புறப்பட்டு, தேய்ந்த நுனிக்கு வந்து, அங்கேயே மறுபடி டிஎன்ஏவாக எழுதப்படுகின்றன. நுனி தலைமுறைக்குச் சுமார் 70 எழுத்து இழக்கிறது. ஒரு தாவலில் ஆயிரக்கணக்கில் சேர முடியும். தினமும் சில்லறையாகக் கரைகிற கணக்கில் எப்போதோ விழுகிற பெரிய டெபாசிட் மாதிரி. இதில் ஹெட்-ஏவிடம் திருப்பி எழுதும் நொதி சொந்தமாக இல்லை, அதுவே இரவல்தான் :-)

1980-ல் 'நேச்சர்' இதழில் இரண்டு கட்டுரைகள் 'சுயநல டிஎன்ஏ' என்று பேசியது இந்த மாதிரித் துண்டுகளைப் பற்றித்தான். அந்தச் சுயநலக்காரர்கள் தாவுவதை நிறுத்தினால் ஈயின் குரோமோசோம்கள் தலைமுறை தலைமுறையாகக் கரைந்துவிடும். குப்பைக் கட்சி இதற்கு என்ன சொல்லும்?

இதைக் கேட்டு "எல்லாம் காரணத்தோடுதான்" கட்சி கைதட்ட வேண்டாம். ஹெட்-ஏ சேர்ந்த அதே இனத்தில் நம் உடம்பில் எல்-1 என்று ஒன்று உண்டு. அது ரத்தம் உறையச் செய்யும் மரபணுவுக்குள் போய் விழுந்து ஹீமோஃபிலியா வந்ததை 1988-ல் இரண்டு நோயாளிகளிடம் கண்டார்கள். இதில் என்ன உன்னத நோக்கம், சொல்லுங்கள்? நம் டிஎன்ஏவில் கிட்டத்தட்டப் பாதி இப்படித் தாவி வந்த சரக்கு. அதில் பெரும்பகுதிக்கு எந்த வேலையும் இதுவரை நிரூபிக்கப்படவில்லை. ஈயின் நுனியைக் காட்டி அத்தனைக்கும் நற்சான்றிதழ் கொடுக்க முடியாது.

பி.காம். படித்த எனக்குத் தெரிந்த பாஷையில் சொல்கிறேன். வங்கியில் எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று தெரியாத தொகை வந்தால் சஸ்பென்ஸ் அக்கவுண்டில் போடுவோம். நஷ்டம் என்று தள்ளுபடி செய்வதில்லை, லாபம் என்று வரவு வைப்பதுமில்லை. வவுச்சரைத் தேடி ஒவ்வொரு பதிவாக நேர் செய்ய வேண்டும். சலிப்பான வேலைதான். பழ ஈயின் நுனியில் அந்த வேலையைச் சிலர் பொறுமையாகச் செய்ததால்தான் இவ்வளவும் தெரிந்தது.

அடுத்த முறை உங்கள் பிள்ளை "குப்பை டிஎன்ஏ நல்லதா, கெட்டதா?" என்று கேட்டால், "எந்தத் துண்டு, எந்த உயிரில்?" என்று திருப்பிக் கேளுங்கள்.