மாத்துறதுக்கு முன்னாடி கண்டுபிடிங்க

மெக்கானிக்கல் படிக்கிற எல்லாரும் வீட்ல ஒரு தடவையாவது இதைக் கேட்டிருப்பீங்க: "நீ மெக்கானிக்கல்தானே, வண்டில என்ன பிரச்சினைன்னு கொஞ்சம் பாரேன்." எனக்கு அது போன தீபாவளி லீவுல வந்தது.

என் மாமா ஒரு பழைய ஜெர்மன் செடான் வச்சிருக்கார். 2009 மாடல். புதுசா இருந்தப்போ நாம கிட்டகூட போக முடியாத விலை. அவர் வாங்கினப்போ ஒரு புது ஹேட்ச்பேக்கைவிடக் கம்மி. ஊருக்குள்ள பட்டு மாதிரி ஓடும். ஆனா ஹைவேல 90-ஐத் தொட்டா ஸ்டீயரிங் நடுங்கும். 80-க்கு இறங்கினா நின்னுடும்.

நான் பார்க்கிறதுக்குள்ள மூணு கடை பார்த்தாச்சு. ஒருத்தர் வீல் அலைன்மென்ட் பண்ணினார். இன்னொருத்தர் லோயர் ஆர்ம் புஷ் எல்லாம் மாத்தினார். மூணாவது கடையில ரெண்டு தடவை பேலன்சிங். மொத்தம் நாற்பதாயிரத்துக்கு மேல போச்சு. நடுக்கம் அப்படியே இருந்தது. "வித்துடலாம்னு பார்க்கிறேன்"னு மாமா சொன்னார். எட்டு செமஸ்டர்ல ஏழாவதுல இருந்த எனக்கு அப்போ சொல்ல ஒரு வார்த்தைகூட இல்லை.

ராத்திரி உட்கார்ந்து கணக்கு போட்டேன். டயர் சைஸ் 225/55 ஆர்16. விட்டம் சுமார் 654 மில்லிமீட்டர், சுற்றளவு 2.05 மீட்டர். 90 கி.மீ. வேகம்னா நொடிக்கு 25 மீட்டர். அதாவது சக்கரம் நொடிக்கு 12 சுத்து சுத்துது. இது பின்சக்கரம் ஓட்டுற வண்டி, ஆக்சில் விகிதம் கிட்டத்தட்ட 3. அதனால டிரைவ் ஷாஃப்ட் நொடிக்கு 36 சுத்துக்குக் கிட்ட வரும். ரெண்டும் வேற வேற நடுக்கம். 12 ஹெர்ட்ஸ் கையில குலுக்கலா தெரியும். 36 ஹெர்ட்ஸ் தரையில ரீங்காரம் மாதிரி வரும்.

மறுநாள் மாமா ஓட்டினார். நான் பக்கத்துல உட்கார்ந்து, போனை கன்சோல்ல வச்சு ஃபைஃபாக்ஸ் ஆப்ல பார்த்தேன். (ஜெர்மனியில ஆஹென் பல்கலைக்கழகம் வெளியிட்ட ஆப். இலவசம். ஆக்சிலரேஷன் ஸ்பெக்ட்ரம் அதுலயே இருக்கு.) 12 ஹெர்ட்ஸ்ல ஒரு குச்சி தனியா எழுந்து நின்னுச்சு. அப்போ இன்ஜின் இல்லை, ஷாஃப்ட் இல்லை. சக்கரம்தான்.

எந்தச் சக்கரம்? நாலு டயரும் ஒரே சைஸ். முன்னாடி ரெண்டையும் பின்னாடி மாத்திப் போட்டோம். ஸ்டீயரிங் அமைதியாயிடுச்சு, இப்போ சீட் நடுங்குது! குற்றவாளி பின்னாடி போயிட்டான். ஜாக்கி போட்டு ஒவ்வொண்ணா கையால சுத்தினோம். ரிம் பக்கத்துல செங்கல் மேல ஒரு ஸ்க்ரூடிரைவரை அசையாம வச்சுப் பார்த்தா, ஒரு சக்கரத்துல மட்டும் இடைவெளி விரிஞ்சு விரிஞ்சு சுருங்குது. உள்பக்க விளிம்பு வளைஞ்சிருக்கு. ஏதோ பள்ளத்துல இடிச்சது. வெளியில இருந்து பார்த்தா தெரியாது.

அப்போ பேலன்சிங் ஏன் பலிக்கலை? மெஷின் பொய் சொல்லலை. எடை சமமாதான் இருந்தது. வட்டம்தான் சரியில்லை. முட்டையைக்கூட பேலன்ஸ் பண்ணலாம், ஆனா ரோட்டுல உருட்டினா குதிக்கும். அந்த மெஷின் சக்கரத்தை அந்தரத்துல சுத்துது, தரையில வச்சு அழுத்திப் பார்க்கிறதில்லை. பழைய அதே மாடல் ரிம் ஒண்ணு தேடிப் போட்டோம். நடுக்கம் போயிடுச்சு. செலவு, ஏற்கெனவே போனதுல ஆறுல ஒரு பங்கு.

இந்தக் கதையைக் கேட்டதும் "மெக்கானிக் ஏமாத்திட்டான்"னுதான் பசங்க சொல்றாங்க. நான் ஒத்துக்க மாட்டேன். அந்த மூணு பில்லையும் பாருங்க. பார்ட்ஸுக்குக் காசு இருக்கு, மாத்தினதுக்குக் கூலி இருக்கு. கண்டுபிடிக்கிறதுக்கு ஒரு வரிகூட இல்லை. அரை நாள் உட்கார்ந்து யோசிச்சவருக்கு நாம காசு தர மாட்டோம், "ஒண்ணுமே மாத்தலையே"ன்னு சண்டை போடுவோம். அப்புறம் அவர் ஏன் யோசிக்கணும்? மாத்தத்தான் செய்வார்.

"பழைய வண்டிதானே, புஷ் எப்படியும் தேய்ஞ்சுதான் இருக்கும், மாத்தினதுல என்ன நஷ்டம்?"னு கேட்கலாம். நியாயம்தான். தேய்ஞ்சுதான் இருந்தது. ஆனா புஷ் நடுக்கத்தை உண்டாக்கிறதில்லை, வர்ற நடுக்கத்தைக் கடத்துது. பிறக்கிற இடம் வேற, வர்ற வழி வேற. வழியை மட்டும் அடைச்சா, கொஞ்ச நாள்ல வேற வழியா வரும்.

நம்ம கிட்டயும் தப்பு இருக்கு. எம் ஆர் ஒமேகா ஸ்கொயர்னு வைவாவுல சொல்லத் தெரியும். ரிம்ல 20 கிராம் கூடினா 90-ல அது ரெண்டு கிலோவுக்கு மேல உள்ள விசையா மாறி, நொடிக்கு 12 தடவை சுத்திச் சுத்தி இழுக்கும்னு எத்தனை பேர் கணக்கு போட்டுப் பார்த்திருக்கோம்? வேகம் பாதியானா விசை கால்வாசி. ஊருக்குள்ள வண்டி சாதுவா இருந்ததுக்கு அதுவும் ஒரு காரணம். இது ரெண்டாம் வருஷப் பாடம். எனக்கு மாமா வண்டியிலதான் புரிஞ்சுது.

அதனால உங்க வீட்டு வண்டி நடுங்கினா, முதல்ல இதைக் கவனிங்க. எந்த வேகத்துல வருது? கையிலயா, சீட்டிலயா? பிரேக் போடும்போது மட்டுமா? (அப்படின்னா டிஸ்க்கைப் பாருங்க.) முன்பின் மாத்தினா இடம் மாறுதா? இதுக்கெல்லாம் பைசா செலவில்லை. கடைக்குப் போனா, "என்ன மாத்தணும்"னு கேட்காதீங்க. "அதுதான்னு எப்படித் தெரிஞ்சுது அண்ணா?"ன்னு கேளுங்க. சரியா பதில் சொல்றவர் கிடைச்சா, எதுவுமே மாத்தலைன்னாலும் ஐநூறு ரூபா கையில குடுத்துட்டு வாங்க.

நாளைக்கு நாமளும் வேலைக்குப் போய் கண்டுபிடிக்கிறதுக்குத்தான் சம்பளம் கேட்கப் போறோம். இன்னொருத்தருக்கு அதை மறுத்துட்டு, நமக்கு மட்டும் எந்த வாயால கேட்கிறது?